பொட்டு ஏன் காய்வதில்லை?

ஒரு வீடு தமிழ் வீடா என்று கண்டுபிடிக்க வாசலில் கோலம் இருக்கிறதா என்று பார்த்துப் பிரயோஜனமில்லை. நான் இருக்கும் மினசோட்டாவில் வருஷத்தில் நாலைந்து மாதம் வாசலில் பனிதான் கிடக்கும். குளியலறைக் கண்ணாடியைப் பாருங்கள். அதன் ஓரத்தில் மூன்று நான்கு ஸ்டிக்கர் பொட்டு வரிசையாக ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம், நம்ம வீடுதான்.

அந்தப் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டே பல் தேய்த்த என் மகள், வயது ஏழு, ஒருநாள் கேட்டாள்: "அம்மா, ஸ்கூல்ல க்ளூ காஞ்சாதான் ஒட்டும்னு மிஸ் சொல்றாங்க. பொட்டு மட்டும் ஏன் காயவே மாட்டேங்குது?"

நான் படித்தது கம்ப்யூட்டர். வேதியியலைப் பன்னிரண்டாம் வகுப்போடு விட்டாச்சு. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனபோதுதான் தெரிந்தது, ஸ்டிக்கர் அறிவியலின் நடுமையமே அந்தக் கேள்விதான் என்று. பதில் முழுவதையும் சமையலறைத் தமிழிலேயே சொல்லிவிடலாம் என்பதும் தெரிந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த பெற்றோர்கள் பலர் "சயன்ஸ்னா இங்கிலீஷ்லதான் வருது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காய்கிற பசையைப் பார்ப்போம். பள்ளிக்கூட வெள்ளை க்ளூவில் தண்ணீரும், அதில் மிதக்கும் பாலிமர் துகள்களும் இருக்கின்றன. தண்ணீர் ஆவியாகிப் போனதும் பாலிமர் இறுகிக் கெட்டியாகிறது. ஊரில் நாம் பட்டத்துக்குக் காகிதம் ஒட்டிய சோற்றுப் பருக்கையும், சினிமா போஸ்டர் ஒட்டக் காய்ச்சும் மைதாப் பசையும் இந்த ஜாதிதான். ஈரமாக இருக்கும்போது காகிதத்தின் நார்களுக்குள் புகுந்து, காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். சூப்பர் க்ளூ வேறு மாதிரி. அதில் எதுவும் ஆவியாக வேண்டியதில்லை. காற்றிலும் பொருளின் மேலும் இருக்கிற துளி ஈரம் பட்டதுமே அதன் சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகிவிடுகின்றன. எந்த வகையானாலும் திரவமாகப் போனது திடமாக மாறுகிறது. மாறியபின் திரும்பி வராது. ஒருமுறைதான் ஒட்டும்.

பொட்டில் எதுவுமே மாறுவதில்லை. கண்ணாடியில் இருக்கும்போதும் நெற்றியில் இருக்கும்போதும் அந்தப் பசை அதே பசைதான். அதனால்தான் எடுத்து எடுத்து ஒட்ட முடிகிறது. ஸ்டிக்கர், செல்லோ டேப், காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி எல்லாமே இந்தக் குடும்பம். தண்ணீர், சூடு எதுவும் வேண்டாம், விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும்.

சரி, அழுத்தினால் ஏன் ஒட்டுகிறது?

எந்த இரண்டு பொருளுக்கும் இடையில், அதன் மூலக்கூறுகளுக்குள் ஒரு சின்ன ஈர்ப்பு எப்போதும் உண்டு. வான் டெர் வால்ஸ் விசை என்று பெயர். ஆனால் அது மிக மிகக் கிட்டத்தில் மட்டும்தான் வேலை செய்யும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நானோமீட்டர். அந்த ஒன்றிரண்டு பங்கு தூரத்துக்குள் இரண்டு பொருளும் வந்தாக வேண்டும். டம்ளரை மேஜைமேல் வைக்கிறோமே, ஏன் ஒட்டுவதில்லை? நமக்கு வழவழவென்று தெரிகிற மேஜை அந்த அளவில் பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி இருக்கும். டம்ளரின் அடியும் இன்னொரு மலைத்தொடர். ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்தால் சில உச்சிகள் மட்டுமே தொடும். மற்ற இடமெல்லாம் இடைவெளி. பொட்டுப் பசை மெத்தென்று இருப்பதால் அந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் எல்லாம் வழிந்து இறங்குகிறது. கிட்டே போகிறது. ஈர்ப்பு பிடித்துக்கொள்கிறது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சுவரில் பல்லியைக் காட்டுங்கள். அதன் காலில் பசையே கிடையாது. ஒவ்வொரு காலிலும் சுமார் ஐந்து லட்சம் நுண்ணிய முடிகள், ஒவ்வொரு முடியின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்திருக்கும். அவ்வளவு நுனிகளும் சுவருக்கு மிகக் கிட்டே போய்விடுவதால் இதே ஈர்ப்புதான் பல்லியைத் தாங்குகிறது. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் இதை உறுதிப்படுத்தினார்கள். அப்படி ஒட்டிய காலை நொடியில் எடுத்து அடுத்த அடியும் வைக்கிறது பாருங்கள், அது நம்முடைய எந்த டேப்புக்கும் இன்னும் சரியாகக் கைவராத வித்தை.

திரும்பப் பொட்டுக்கு வருவோம். வழிந்து இறங்கினால் மட்டும் போதுமா? தண்ணீரும்தான் எல்லாப் பள்ளத்திலும் இறங்குகிறது. ஈரத் தட்டு மேஜையில் லேசாகப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் இழுத்தால் வந்துவிடும், ஏனென்றால் தண்ணீர் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும் பலம் குறைவு. ஆக, ஸ்டிக்கர் பசை தொடும்போது திரவம் மாதிரி வழிய வேண்டும், இழுக்கும்போது திடம் மாதிரி எதிர்த்து நிற்க வேண்டும். ஒரே பொருள் இரண்டு வேலையும் செய்ய வேண்டும்.

இதை என் மகளுக்குப் புரியவைத்தது இடியாப்பம். பாலிமர் என்றால் மிக நீளமான இழைகள். ஒரு தட்டு இடியாப்பத்தில் இழைகள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கும் அல்லவா? மெதுவாக அழுத்தினால் இழைகள் நழுவி இடம் கொடுக்கும், பரவும். வெடுக்கென்று இழுத்தால் நழுவ நேரமில்லாமல் சிக்கிக்கொண்டு மொத்தமாக எதிர்க்கும். பொட்டுப் பசையும் இப்படித்தான், ரப்பர் போன்ற நீள இழைகளும், அவற்றை இளக்கிப் பிசுபிசுப்பாக்கும் பிசினும் சேர்ந்த கலவை. ரப்பர் அதிகமானால் ஒட்டாது, பிசின் அதிகமானால் உரிக்கும்போது கண்ணாடியிலேயே பாதி தங்கிவிடும். எங்கள் வேலையில் ட்ரேட்-ஆஃப் என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்வோம். இதைவிட அழகான ட்ரேட்-ஆஃப் நான் பார்த்ததில்லை.

எவ்வளவு மெத்தென்று இருந்தால் தொட்டவுடன் ஒட்டும் என்பதற்கு ஒரு எல்லையைக் கண்டு சொன்னவர் கார்ல் டால்க்விஸ்ட். அவர் வேலை பார்த்தது எங்கள் ஊர்ப் பக்கத்து 3எம் நிறுவனத்தில். மினசோட்டாவில் குடியிருப்பதால் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டேப்பின் கதையில் பெரும்பங்கு செயின்ட் பால் நகரத்தில் நடந்தது. 1920-களில் இரண்டு நிறக் கார் பிரபலம். ஒரு நிறம் அடித்து, அதை மறைத்துக்கொண்டு அடுத்த நிறம் அடிக்க வேண்டும். மறைக்க ஒட்டியதை உரித்தால் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். உப்புத்தாள் விற்கிற கம்பெனியிலிருந்து சாம்பிள் கொடுக்க வந்த ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர், பெயிண்டர்கள் திட்டுவதைக் கேட்டுவிட்டு "நான் செய்து தருகிறேன்" என்றார். பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவர், பான்ஜோ வாசிப்பவர். 1925-ல் மாஸ்கிங் டேப், 1930-ல் கண்ணாடி மாதிரியான செல்லோ டேப் இரண்டும் அவர் கைவண்ணம். முதலில் காட்டிய டேப்பில் ஓரங்களில் மட்டும் பசை இருந்ததாம். அது கீழே விழுந்ததும் ஒரு பெயிண்டர் "உன் கஞ்ச ஸ்காட்ச் முதலாளிகிட்டயே கொண்டுபோய்க் கொடு" என்று கத்தியதால்தான் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது.

அதே கம்பெனியில் 1968-ல் ஸ்பென்சர் சில்வர் பலமான பசை செய்யப் போய், குட்டிக் குட்டி உருண்டைகளாக ஒரு பலவீனமான பசையைச் செய்துவிட்டார். உருண்டைகளின் உச்சி மட்டும் தொடுவதால் லேசாக ஒட்டும், சுத்தமாக உரியும். பல வருஷம் யாருக்கும் வேண்டாத பசையாகக் கிடந்து, பாட்டுப் புத்தகத்தில் அடையாளத் தாள் நழுவுகிறதே என்று கவலைப்பட்ட ஆர்ட் ஃப்ரை கண்ணில் பட்டு, 1980-ல் போஸ்ட்-இட் ஆகக் கடைக்கு வந்தது.

இனி வீட்டில் செய்து பார்க்கக்கூடியவை. பனிக்காலத்தில் வெளியே போக முடியாத சனிக்கிழமைகளுக்கு ஏற்றவை.

பொட்டு அட்டையிலிருந்தே ஆரம்பிக்கலாம். எல்லாவற்றிலும் ஒட்டுகிற பொட்டு தன் அட்டையில் மட்டும் ஏன் ஒட்டிக்கொள்ளாமல் சுலபமாக வருகிறது? காலி அட்டையின் வழவழப்பான பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், நன்றாகக் கழுவிய கண்ணாடியில் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். கண்ணாடியில் தண்ணீர் பரவும். அட்டையில் முத்தாக உருளும், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி. அட்டையில் சிலிக்கோன் பூச்சு இருக்கிறது. தண்ணீரை நெருங்கவிடாத அதே பரப்பு பசையையும் நெருங்கவிடுவதில்லை.

அடுத்தது எவர்சில்வர் பாத்திர ஸ்டிக்கர். ஊரிலிருந்து வாங்கிவந்த புதுப் பாத்திரத்தில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டிச் சுரண்டி நகம் போனதுதான் மிச்சம் என்பது நம் எல்லார் வீட்டுக் கதை. என் அம்மாவின் வழி வேறு. பாத்திரத்தை அடுப்பில் சில வினாடி காட்டுவார், ஒரு ஓரத்தைப் பிடித்து இழுப்பார், முழுசாக வந்துவிடும். சூட்டில் இழைகள் இளகி ஒன்றையொன்று பிடிக்கும் பலம் குறைகிறது. (இதைப் பிள்ளைகள் பார்க்கலாம், செய்யக் கூடாது.) மீதி நிற்கிற பிசுக்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட வேண்டும். தண்ணீரில் கரையாத பசை எண்ணெயில் இளகும். பலாப்பழம் அறுக்குமுன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவுகிறோமே, அதே கணக்கு. பலாப்பிசினும் ஓர் இயற்கைப் பசைதான்.

சூட்டுக்கு எதிர் குளிர். மைனஸ் 15 டிகிரியில் கார் பம்பரில் ஸ்டிக்கர் ஒட்டிப் பாருங்கள், வெறும் காகிதம் மாதிரி விழும். பல டேப்புகளை 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒட்டுங்கள் என்று தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். குளிரில் இழைகள் அசைய முடியாமல் விறைத்துவிடுவதால் பள்ளத்தில் வழிந்து இறங்க முடியாது. இந்தியன் ஸ்டோர் ஃப்ரோசன் இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது உறைவது தண்ணீரால் என்பதால் அறிவியல் சரியாக ஒன்றல்ல, ஆனால் மனசில் வரும் படம் சரி. அறிவியலும் சரியாக வேண்டும் என்றால் சூயிங்கம். துணியில் ஒட்டிய சூயிங்கத்தைத் துணியோடு ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் முறுமுறு என்று உதிரும்.

இன்னொன்று, பொட்டைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் பழக்கம். இதற்காக நம் அம்மாக்களுக்கு ஒரு சபாஷ் போடலாம். ஒட்டும் பசை பலமிழப்பது பெரும்பாலும் அழுக்கால். நெற்றியின் எண்ணெய்ப் பசையும், உதிர்கிற தோல் துகளும், தூசியும் பசையின் மேல் படிந்துவிட்டால் அடுத்த முறை பசை தோலைத் தொடுவதில்லை, அழுக்கைத்தான் தொடுகிறது. சுத்தமான கண்ணாடி அதற்கு எந்த அழுக்கையும் தருவதில்லை. ஆனால் நேற்று ஒட்டியது சுலபமாக வரும், ஆறு மாதம் முன்பு ஒட்டியதைச் சுரண்ட வேண்டியிருக்கும். பசை இன்னும் மெல்ல மெல்ல வழிந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. காயவில்லை, மகளே.

இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது திருநெல்வேலியிலிருந்து என் அம்மா வந்திருந்தார். என் மகளிடம் இருந்தது 'ஸ்டிக்கி' என்ற ஒரே சொல். ஆச்சியிடம் இருந்தது ஒரு கூடை. தேன் பட்ட விரல் பிசுபிசுக்கும், வெண்டைக்காய் கொழகொழக்கும், எண்ணெய் தடவினால் வழவழக்கும், அடுப்பு மேடையில் பிசுக்குப் பிடிக்கும். தொட்டால் ஒட்டுவதும், வழிவதும், நழுவுவதும், ஒட்டியதன் மிச்சமும் தனித்தனி என்று அந்தச் சொற்களே பிரித்துச் சொல்லிவிடுகின்றன. ஆய்வகத்தில் அளக்கிறவர்களும் இவற்றைத் தனித்தனியாகத்தான் அளக்கிறார்கள். மகள் ஒவ்வொன்றாக ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தொட்டு, ஆச்சியிடம் "இது என்ன 'கொழ'வா, 'பிசு'வா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தயிர்தான் பெரிய வாக்குவாதமானது.

அப்படி ஒருநாள்தான் ஆச்சியின் நெற்றியைத் தொட்டுக் கேட்டாள், "இங்க ஏன் வெள்ளையா இருக்கு?"

அம்மா சிரித்துக்கொண்டே, "அது பொட்டு பண்ணுன வேல, ஏட்டி" என்றார்.

என் அம்மாவின் புருவங்களுக்கு நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக வெண்மையான வட்டம் இருக்கிறது. பல வருஷம் தினமும் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு. முதலில் அரிப்பு, பிறகு லேசான சிவப்பு, பிறகு நிறம் போயிற்று. அதை மறைக்க இன்னும் பெரிய பொட்டு வைத்தார், வட்டமும் பெரிதானது. ஒரு கல்யாண வீட்டில் குங்குமச் சிமிழை நீட்டிய பெண் அம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டுக் கையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதன்பிறகு ரொம்ப நாள் அம்மா விசேஷங்களுக்குப் போகவில்லை.

இது தொற்றுநோய் இல்லை. சில பொட்டுகளின் பசையில் சேர்க்கும் பிசினில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற வேதிப்பொருள் இருக்கக்கூடும். அது தோலுக்கு நிறம் தரும் மெலனின் செய்கிற செல்களைத் தாக்கும். தோல் மருத்துவர்கள் இதைக் கான்டாக்ட் லூகோடெர்மா என்கிறார்கள். இந்திய மருத்துவர்கள் பொட்டால் இது வந்த பெண்களைப் பற்றிப் பல வருஷமாக எழுதிவந்திருக்கிறார்கள். இதே வகைப் பிசின் செருப்பு, கைக்கடிகார வார் ஒட்டவும் பயன்படுவதால் அங்கேயும் சிலருக்குத் தோல் ஒவ்வாமை வருகிறது. எல்லாப் பொட்டிலும் இது இல்லை, எல்லோருக்கும் வருவதும் இல்லை. ஆனால் பொட்டு அட்டையின் பின்னால் பசையில் என்ன இருக்கிறது என்று எழுதியிருப்பதை நான் இதுவரை பார்த்ததில்லை. பிஸ்கட் பாக்கெட்டில் சர்க்கரை எத்தனை கிராம் என்று படித்துவிட்டு வாங்குகிற நாம், பல மணி நேரம் தோலில் ஒட்டியிருக்கும் ஒன்றைக் கேட்காமல் வாங்குகிறோம்.

அதனால் எங்கள் வீட்டில் சில பழக்கங்கள். மகள் பாட்டு வகுப்புக்கும் நவராத்திரிக்கும் பொட்டு வைத்துக்கொள்வாள், தூங்கப்போகுமுன் எடுத்துவிட வேண்டும். அரித்தால் அன்றோடு அந்த அட்டை குப்பைக்கு. கண்ணாடிக்கும் நோட்டுக்கும் செய்த ஸ்டிக்கர் முகத்துக்குப் போகாது. பிளாஸ்திரியோ பொட்டோ பிடிவாதம் பிடித்தால் ஓரத்தில் துளி எண்ணெய், பிறகு மெதுவாக, தோலோடு ஒட்டித் தாழ்வாக மடித்து உரிப்பது. மேல்நோக்கித் தூக்கி இழுத்தால் தோலும் கூடவே தூக்கப்படும், மெதுவாக இழுத்தால் இழைகள் நழுவ நேரம் கிடைக்கும். வெடுக்கென்று இழுத்தால் வலி குறைவா என்பது எங்கள் வீட்டில் தீராத வழக்கு. தோல் பிய்யாமல் இருக்க மெதுவாகத்தான். நிறம் மாறுவது தெரிந்தால் பெரிய பொட்டால் மறைக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். சீக்கிரம் நிறுத்தினால் சிலருக்கு நிறம் திரும்பும், எல்லோருக்கும் திரும்பும் என்று சொல்ல முடியாது. அம்மாவுக்கு ஓரங்களில் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. இப்போது விபூதிக்குக் கீழே துளி குங்குமம்தான். குங்குமத்திலும் சாயம் கலப்பது உண்டு, அதுவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்தது ஒத்துக்கொண்டிருக்கிறது.

விளக்கத்தைக் கேட்டுமுடித்த மகள், "அப்போ ஆச்சி மேல தப்பே இல்லையா?" என்றாள். அம்மாவிடம் அப்படி யாரும் இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒரு வேடிக்கை. ஜன்னல் இல்லாத க்ளாசெட்டுக்குள் ஒரு செல்லோ டேப் ரோலோடு குழந்தையும் நீங்களும் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிஷம் ஆகும். அதுவரை கதை சொல்லுங்கள், போனைத் தொடக் கூடாது. பிறகு டேப்பை வேகமாக ஓர் அடி இழுத்தால், டேப் ரோலைவிட்டுப் பிரிகிற கோட்டில் மங்கலான நீல வெளிச்சம் தெரியும். பிரியும்போது இரண்டு பக்கமும் மின்னேற்றம் பிரிந்து காற்றில் பாய்வதால் வரும் ஒளி அது. காற்றில்லாத வெற்றிடத்தில் இதையே செய்தபோது எக்ஸ்ரே வந்தது, அதில் ஒரு விரலைப் படமே எடுத்தார்கள், 2008-ல். உங்கள் க்ளாசெட்டில் காற்று இருக்கிறது, பயப்பட வேண்டாம். எல்லா டேப்பும் ஒளிராது, இரண்டு மூன்று வகை எடுத்துப் போங்கள். எங்கள் வீட்டில் மூன்று பேர் உள்ளே போனோம். கோட்டுக்குள் முகம் புதைத்தபடி ஆச்சி, "ஏட்டி, இன்னொரு தடவ இழு" என்றார்.